எடை போட நீ யார் என்று கேட்டேன்

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் கோபப்பட்டது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உன் தோழியின் குழந்தை, பிறந்து நாலு மாதம்கூட ஆகாதது, போய்விட்டது என்று அழுதாய். துக்கம் கேட்க வந்தவர் ஒருவர், "ஆண்டவன் செய்தால் அது நல்லதுக்குத்தான்" என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொன்னாராம். அப்புறம் நீ கேட்டாய்: "இதையே ஒரு மனுஷன் செஞ்சிருந்தா நாம என்னப்பா சொல்லுவோம்?" எனக்குச் சுருக்கென்றது. "கடவுளை எடை போட நீ யாரு?" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

நாலு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டதில் தப்பில்லை. நான் கேட்டதில்தான் தப்பு.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? என் மூக்குக்கண்ணாடி நாற்காலியில் உடைந்து கிடந்தது. நீதான் உட்கார்ந்து உடைத்தாய் என்று முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழவில்லை. கன்னம் ரெண்டும் சிவந்து, என்னை நிமிர்ந்து பார்த்து, "அடிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாய். தம்பியை நீ அடித்த அன்றைக்கு நான் உனக்குச் சொன்ன வார்த்தை அது, அட்சரம் பிசகாமல் திரும்பி வந்தது. கண்ணாடியை நாற்காலியில் வைத்துவிட்டு நானே அதன்மேல் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன் என்பது சாயங்காலம்தான் எனக்கு விளங்கியது.

அந்த அளவுகோலை உன் கையில் கொடுத்தவன் நான். ஆனால் கொடுத்தவன் என்பதற்காக அது என்னை விட்டுவைக்கவில்லை. நியாய அநியாயம் அறியும் புத்தியைக் கடவுள்தான் நமக்குக் கொடுத்தார் என்று நான் நம்புகிறேன். அதே புத்தியை வைத்து அவர் செய்வதைப் பார்க்கக் கூடாது என்றால், பிறகு எதற்காகக் கொடுத்தார்?

இந்தக் கேள்விக்கு வயது 2,400 வருஷம். நீதிமன்ற வாசலில் யூதிஃப்ரோ என்பவனிடம் கிரேக்க ஞானி சாக்ரடீஸ் கேட்டதாக அவருடைய சீடர் பிளேட்டோ எழுதியிருக்கிறார். பெற்ற அப்பா மேலேயே கொலை வழக்குப் போட வந்தவன் அவன். தான் செய்வது தெய்வத்துக்கு உகந்தது என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை. தெய்வங்களுக்குப் பிடித்திருப்பதால் ஒரு செயல் புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் அவர்களுக்குப் பிடிக்கிறதா என்றார் சாக்ரடீஸ். அவனால் கடைசிவரை நேரான பதில் சொல்ல முடியவில்லை.

முதலாவது சரி என்று வைத்துக்கொள். அவர் எதைச் செய்தாலும் அதுதான் நல்லது. அப்படியானால் "கடவுள் நல்லவர்" என்று நான் தினமும் கைகூப்பிச் சொல்வதற்கு என்ன பொருள்? "கடவுள் செய்வதைக் கடவுள் செய்கிறார்" என்பதுதானே? இதற்கு நேர் எதிராக அவர் நடந்திருந்தாலும் அதே வாயால் அதே புகழ்ச்சியைத்தான் சொல்லியிருப்பேன். எதற்கும் பொருந்துகிற புகழ்ச்சி புகழ்ச்சியே இல்லையம்மா.

சரி, இதற்குப் பக்தர்கள் சொல்லும் கெட்டிக்காரப் பதில் ஒன்று உண்டு. கடவுளுக்கு வெளியே அளவுகோல் எதுவும் இல்லை, அவருடைய இயல்புதான் அளவுகோல் என்பார்கள். நானும் ரொம்ப நாள் அதில்தான் நிம்மதியாக இருந்தேன். அதை அசைத்தது கிலோ கதைதான். 1889-லிருந்து பாரிஸ் பக்கத்தில், பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த ஓர் உருளையைக் கண்ணாடிக் கூடுகளுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். உலகத்தில் ஒரு கிலோ என்றால் அதன் எடைதான். அது தப்பாக இருக்கவே முடியாது, ஏனென்றால் கிலோ என்பதே அதுதான். ஆனால் அதோடு பிறந்த நகல்களை நூறு வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்திருந்தது. வரையறைப்படி பார்த்தால், மூல உருளை மாறவில்லை, உலகம்தான் கனத்துப்போனது என்று சொல்ல வேண்டும்! யாருக்கும் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 2019-ல் அந்த உருளையை விட்டுவிட்டு, எங்கேயும் எப்போதும் மாறாத ஓர் இயற்கை மாறிலியைக் கொண்டு கிலோவை வரையறுத்தார்கள். அதாவது, "இதுதான் அளவு" என்று நாமே ஒன்றை உட்கார்த்தி வைத்த பிறகும், அது சரியாக இருக்கிறதா என்று கேட்க நமக்குள் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. கடவுள் உலோகத் துண்டு இல்லை, தெரியும். ஆனால் அவருடைய இயல்பு கருணை என்பதால்தானே அதை அளவுகோல் என்கிறோம்? அதே இயல்பு கொடூரமாக இருந்திருந்தால் கொடூரத்தை நல்லது என்றிருப்போமா? மாட்டோம். அப்போது கருணை நல்லது என்பது நமக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

நம் மொழியில் இந்தக் கேள்வியைக் கேட்கப் பயப்படாதவர்கள் இருந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், ஒருத்தி கண்ணீர் வடிக்கிறாள். இதைப் பார்த்த பக்குடுக்கை நன்கணியார், "படைத்தோன் மன்றஅப் பண்பிலாளன்" என்று புறநானூற்றில் சொல்லிவிட்டார். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன்தான் என்று! வள்ளுவரையே எடுத்துக்கொள். பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால், "பரந்து கெடுக உலகியற்றி யான்", உலகத்தைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். முதல் அதிகாரத்தில் கடவுளை "அறவாழி" என்று வாழ்த்தியவரும் அவர்தான். அறக்கடல் என்று ஒருவரை அழைக்க அறம் என்றால் என்ன என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வாழ்த்தியதும் சபித்ததும் ஒரே தராசில் என்றுதான் எனக்குப் படுகிறது. பைபிளில் ஆபிரகாமும், சோதோம் என்ற ஊரை அழிக்கப் போகிற கடவுளிடமே, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்கிறார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று தொடங்கி, பத்துப் பேர் வரைக்கும் பேரம் பேசுகிறார். ஒவ்வொரு தடவையும் பதில் வருகிறது. "என்னை எடை போட நீ யார்" என்று அங்கே கடவுள் கேட்கவில்லை. நான்தான் உன்னிடம் கேட்டேன்.

இன்னொன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது. "இது கடவுளின் கட்டளை" என்று சொல்லிக்கொண்டு ஒருவன் கத்தியோடு வந்தால், அது அவர் குரல் இல்லை என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்? நல்லது கெட்டது பார்க்கும் கண்ணை முதலிலேயே பிடுங்கிப் போட்டிருந்தால் எனக்கு வழியே இல்லை.

ஆனால் நீயும் ஒன்றை யோசித்துப் பார். தராசு சரியாக இருந்தாலும் தட்டில் எல்லாச் சரக்கும் வந்து சேர்ந்துவிட்டதா என்று நமக்குத் தெரியாது. உன் ஒரு வயதில் தடுப்பூசி போட உன்னை நான் இறுக்கிப் பிடித்தபோது, உன் கணக்கில் நான் ராட்சசன். அதனால் எனக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கலாம் என்று நான் இன்னும் நம்புகிறேன். "எனக்குத் தெரியவில்லை" என்பதும் "எதுவானாலும் சரிதான்" என்பதும் ஒன்றில்லை. முதலாவதைச் சொல்கிறவன் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அழலாம். இரண்டாவதைச் சொல்கிறவர்தான் அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தவர்.

அவளைப் பார்க்கப் போனால் இந்தக் கடிதத்தில் இருக்கிற எதையும் சொல்லாதே. சும்மா கூட இரு. அவள் கடவுளைத் திட்டினால் திட்டட்டும், தடுக்காதே.

நேற்று ராத்திரி கும்பிடும்போது நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. ஏன் அந்தக் குழந்தை என்று மட்டும் கேட்டேன். பதில் வரவில்லை. இன்றைக்கும் கேட்பேன். நீ போன் பண்ணு, நானாக வைக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா