வீட்டுக்கு விட்ட இரண்டு சால்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசிவரை படிப்பாய். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகன் பெங்களூர் வருகிறான். அவனிடம் ஒரு சாக்கு கொடுத்து அனுப்புகிறேன். அவனை வாசலோடு அனுப்பிவிடாதே, ஒரு வாய் சாப்பாடு போடு.

சாக்கில் 5 கிலோ கேழ்வரகு மாவு, 2 கிலோ சாமை, கொஞ்சம் கொள்ளு இருக்கிறது. சாமை பழுப்பாக இருக்கிறதே என்று பார்க்காதே, அது தீட்டாதது. கடையில் பாக்கெட்டில் வெள்ளை வெளேரென்று இருப்பதை வாங்காதே. தவிடு போன பிறகு அதற்கும் வெள்ளை அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இது சீக்கிரம் காறிவிடும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடு.

கேழ்வரகைக் களியாகவே சாப்பிடு. மால்ட் என்று பாலும் வெல்லமும் போட்டுக் குடிக்காதே. நைசாக அரைத்து, கரைத்து, காய்ச்சிக் குடித்தால் சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடுமாம், இங்கே ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னார்கள். களி என்றாலும் அம்மாயி உருட்டிப் போடுகிற அளவு வேண்டாம், எலுமிச்சம்பழம் அளவு இரண்டு போதும். கூடவே ஒரு கிண்ணம் கீரைக் கடைசல் கட்டாயம். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

செய்வது மறந்திருக்கும். நொய் ஒரு பிடி குழைய வேகட்டும். அதன் மேல் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி போட்டு, மூடி, சின்னத் தீயில் வை. குழி வழியாகத் தண்ணீர் கொதித்து மேலே வரும். அப்புறம்தான் கிண்ட வேண்டும். கையை நனைத்துத் தொட்டுப் பார், ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. அரை மணி நேர வேலைதான். ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடு.

போன மாதம் அங்கே வந்தபோது உன் சமையல்கட்டில் அந்தக் கறுப்பு டப்பாக்களைக் கழுவி அடுக்கி வைத்திருந்தாய். தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருக்கிறாய், அம்மா பிள்ளைதான் நீ. எண்ணினேன், 23 இருந்தது. 23 நாள் சமைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? கொதிக்கக் கொதிக்கக் குழம்பை பிளாஸ்டிக்கில் ஊற்றிக் கொடுக்கிறார்கள், அதை ராத்திரி பதினொரு மணிக்குத் தின்கிறாய். மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அவரும் அதையேதான் சாப்பிடுகிறார். நம் ஊரில் முதலில் இன்ஜினியர் ஆன பெண் நீ. இன்றைக்கும் டீக்கடையில் யாராவது "பெங்களூர்ப் பொண்ணு எப்படி இருக்குது" என்று கேட்டால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். நல்லா இருக்கிறாள் என்கிறேன். நல்லா இருக்கிறாயா?

பொங்கலுக்கு வந்தபோது உன் கைப்பை அலமாரி மேலிருந்து விழுந்தது. நீ குளித்துக்கொண்டிருந்தாய். சிதறினதை எல்லாம் நானே பொறுக்கி உள்ளே வைத்தேன். அம்மாவுக்கு ஆறு வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான், அட்டையைப் பார்த்தாலே தெரியும். சரி, அது இருக்கட்டும்.

இங்கே ரேஷனில் 2023-லிருந்து அரிசியில் 2 கிலோவைக் குறைத்து கேழ்வரகு தருகிறார்கள், நம் தர்மபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் முதலில் ஆரம்பித்தார்கள். வாங்கினவர்களில் பாதிப்பேர் மாட்டுக்குப் போடுகிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. மழையை மட்டும் நம்பி விளைகிற பயிர். நாமும்தானே அதை அழித்துவிட்டுத் தக்காளி போட்டோம்.

தக்காளியைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மேலே எழுதினதெல்லாம் இதைச் சொல்லாமல் தள்ளிப்போடத்தானோ என்னவோ.

நீ ஒன்பதாவது படித்தாய், 2007. காய்ப்புழு விழுந்து தோட்டமே போகும்போல இருந்தது. கடும் விஷம் என்று டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்ட மருந்தை வாங்கி வந்தேன். காய்கறிக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை. பருத்திக்கு என்று கேட்டால் கடையில் கொடுத்தார்கள், நானும் பருத்திக்கு என்றுதான் சொன்னேன். காலையில் அடித்து மறுநாள் விடியற்காலையில் பறித்தோம். பாலக்கோடு மண்டியில் ஏற்றினால் லாரி நேராகப் பெங்களூர் போகும். நல்ல விலை கிடைத்தது. உன் ஹாஸ்டல் பீஸ் அந்தப் பணம்தான்.

வாய்க்கால் ஓரத்தில் இரண்டு சால், இரண்டே வரிசைச் செடி, அதற்கு மட்டும் மருந்து அடிக்கவில்லை. தப்பி அடித்துவிடக் கூடாது என்று அம்மா தன் கிழிந்த சேலைக் கரையைக் குச்சியில் முடிந்து வைத்திருந்தாள், அந்த மாம்பழ மஞ்சள் சேலை. நீ தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்று, "ஏம்பா இதுக்கு மட்டும் அடிக்கல?" என்று கேட்டாய். "அது வூட்டுக்கு" என்றேன். நீ வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை. பெங்களூரில் தின்கிறவன் யாரோ, எவனோ.

போன மாதம் உன் வீட்டுத் தெருவில் தள்ளுவண்டியில் தக்காளி வாங்கினாயே. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காம்புப் பள்ளத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. எனக்குத் தெரியும் அது என்னவென்று. "நல்லா இருக்காப்பா?" என்று கேட்டாய். நான் தலையாட்டினேன். அதை விளைவித்தவனும் எங்கோ வாய்க்கால் ஓரத்தில் இரண்டு சால் விட்டிருப்பான், அவன் பிள்ளைக்கு.

அன்று ராத்திரி நீ வைத்த ரசத்தை நான் ஊற்றிக்கொள்ளவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். நீ ஊற்றிக்கொண்டாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 2007-ஐயும் சொல்ல வேண்டும்.

அம்மா போன பிறகு அந்த மருந்தையெல்லாம் விட்டுவிட்டேன் என்று உனக்குத் தெரியும். ஏன் விட்டேன் என்று நீ கேட்டதில்லை. இப்போது அரை ஏக்கர்தான் தக்காளி. 5 கிலோ வேப்பங்கொட்டையை இடித்து 100 லிட்டர் தண்ணீருக்கு ஊறப்போட்டு அடிக்கிறேன். பதினைந்து சாலுக்கு ஒரு சால் செண்டுமல்லி, புழுவின் தாய்ப்பூச்சி முட்டை வைக்க அங்கே போய்விடும். முதல் வருஷம் பாதிக்கு மேல் சொத்தை. இந்த வருஷம் பரவாயில்லை. வீட்டுக்கென்று தனிச் சால் கிடையாது. எல்லாச் செடியும் ஒன்றுதான்.

அதில் பறித்த தக்காளி 4 கிலோ சாக்கின் மேல்வாயில் தனிப் பையில் இருக்கிறது. சின்னதாக, கோணலாக இருக்கும். செங்காயாகப் பறித்திருக்கிறேன், ஃபிரிட்ஜில் வைக்காதே. கழுவிவிட்டு அப்படியே கடித்துத் தின்னலாம்.

ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிடு. சாப்பிட்டுக் கால் மணி நேரம் மாடியில் நட.

கொள்ளுப் பைக்குக் கீழே துண்டில் சுற்றி அம்மாவின் மிஷின் இருக்கிறது. பேட்டரி புதிதாகப் போட்டிருக்கிறேன். பழைய பட்டையெல்லாம் தேதி முடிந்துவிட்டது, தர்மபுரியில் புதிய டப்பா வாங்கி வைத்தேன். காலையில் வெறும் வயிற்றில் பார். எவ்வளவு இருந்தது என்று நம்பரை மட்டும் மெசேஜில் போடு, வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அப்பா