செயலாளர் ஆண்டறிக்கை: லகுனாவில் ஒரு நெல் கிராமம் வளர்ந்த வரலாறு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிலிப்பைன்ஸின் லகுனா மாகாணத்தில், லாஸ் பான்யோஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் நம் வாசிப்பு வட்டத்தின் ஓராண்டுப் பணியை உங்கள் முன் வைக்கிறேன். பொங்கல் விழாவும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் வழக்கம்போல் குறைவின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டின் மிகுதி நேரத்தை நாம் ஒரே வேலைக்குக் கொடுத்தோம் என்பதால் என் அறிக்கையும் அதைப் பற்றியே அமைகிறது.

நம்மில் பலர் இங்குள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வேலைக்காக வந்தவர்கள். அந்த நிலையத்தின் நெல் ரகங்களான ஐ.ஆர். 20, ஐ.ஆர். 50 விளைந்த வீடுகளில் வளர்ந்தவர்கள். எம்.எஸ். சுவாமிநாதன் அவர்கள் 1982 முதல் 1988 வரை அந்த நிலையத்தின் தலைமை இயக்குநராக இருந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். நிலையத்தின் வேலிக்கு வெளியே அந்த விதைகளை வாங்கி நட்டவர்களின் ஊர் எப்படி உண்டானது, எப்படிப் பெருத்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உறுப்பினர்கள் சென்ற பொதுக்கூட்டத்தில் கோரினார்கள். அந்தக் கோரிக்கையே இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களுக்குப் பொருளாயிற்று.

படிப்பதற்கு நாம் தேர்ந்த ஊர் பீலா நகரை ஒட்டியது. 1966-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் அங்கே வீடு வீடாகக் கணக்கெடுத்தார். எழுபதுகளில் அந்நாட்டுப் பொருளியலாளர்கள் இருவர் அதைத் தொடர்ந்து, தொண்ணூறுகள் வரை அந்த ஊரின் நிலம், கூலி, விளைச்சல், கடன் எல்லாவற்றையும் பதிந்து வைத்தார்கள். ஆசியாவில் இவ்வளவு நீண்ட பதிவு உள்ள நெல் கிராமங்கள் மிகச் சிலவே. ஊராரின் நலன் கருதி ஊரின் உண்மைப் பெயரை மறைத்துக் ‘கிழக்கு லகுனா கிராமம்’ என்றே அவர்கள் எழுதினார்கள். நாமும் அந்தப் பெயரையே வழங்குகிறோம்.

முதல் கூட்டம் லகுனா செப்பேட்டில் தொடங்கியது. 1989-இல் லும்பன் ஆற்றுப் பகுதியில் மணல் எடுத்தபோது கிடைத்தது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900 என்று காலம் குறித்தது. இந்த நாட்டில் இதுவரை கிடைத்த எழுத்துச் சான்றுகளில் காலம் குறிக்கப்பட்ட மிகப் பழையது அது. பொன்னாகப் பட்ட கடனிலிருந்து ஒரு குடும்பம் விடுபட்டதற்கான சீட்டு. அதில் வரும் ‘பைலா’ இன்றைய பீலாதானா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வந்திருந்த எல்லாரையும் தொட்டது அந்தக் கடன் செய்திதான். நாம் படித்த கிராமத்தின் கணக்குகளிலும் கடன் அடுத்தடுத்து வருகிறது.

நம் கிராமம் அவ்வளவு பழையதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அது புதரும் காடுமாகக் கிடந்த தாழ்நிலம். சுற்றுப்புறத்திலிருந்து வந்த குடும்பங்கள் காட்டை வெட்டி, மேட்டில் தென்னை வைத்து, தோப்புக்குள் வீடு கட்டி, சுற்றிலும் வயலைத் திருத்தின. இன்றும் தூரத்திலிருந்து பார்த்தால் வயலுக்கு நடுவே தென்னந்தோப்பு மட்டுமே தெரியும். வீடுகள் அதற்குள் இருக்கின்றன. காட்டைத் திருத்தியவர்களின் கைக்கு நிலம் வரவில்லை. பட்டா பெரும்பாலும் நகரத்துக் குடும்பங்களின் பெயரில் இருந்தது. பீலாவின் கோயில் சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் பழைய பெரிய வீடுகளை நம் உறுப்பினர்கள் நேரில் பார்த்தார்கள். அந்த நகர மையம் 2000-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சுற்றுவட்டார வயல்களின் நெல் வந்து சேர்ந்ததும் அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான்.

உழுதவர் வாரதாரர், இங்கே ‘கசமா’ என்பார்கள். செலவு போக விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. விதைக்கும் சோற்றுக்கும் முன்பணம் நிலக்காரரிடமே வாங்கினார்கள். மழையை நம்பி ஒரு போகம் மட்டும். காலியிடம் இருந்தவரை புதுக் குடும்பங்களுக்கு வயல் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது தீர்ந்துவிட்டது; பிள்ளைகள் பெருகினார்கள், வயல் பெருகவில்லை.

1958-இல் அரசுப் பாசனக் கால்வாய் ஊருக்கு வந்தது. நம் கூட்டங்களில் மிக நீண்ட விவாதம் நடந்தது இதைப் பற்றித்தான். நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1960-இல். அதன் புகழ்பெற்ற குட்டை நெல் ரகமான ஐ.ஆர். 8 வெளிவந்தது 1966-இல். அதற்கு எட்டு ஆண்டு முன்பே இந்த ஊருக்குத் தண்ணீர் வந்து இரண்டாம் போகம் வழக்கமாகிவிட்டது. இரண்டு போகத்துக்கும் நடவு, களை, அறுவடை என்று ஆள் தேவைப்பட்டதால் வெளியூர்க் கூலிக் குடும்பங்களும் வந்து குடியேறின. விதைதான் ஊரை மாற்றியது என்று நிலையத்தில் வேலை செய்யும் நமக்குச் சொல்லத் தோன்றும். கணக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தண்ணீர் முந்தி நிற்கிறது. மடை திறந்திருந்ததால்தான் விதை அவ்வளவு வேகமாகப் பரவியது. இதை அறிக்கையில் பதிய வேண்டும் என்று கூட்டம் ஒருமனதாகக் கேட்டுக்கொண்டது, பதிகிறேன்.

விதையின் பங்கும் பெரியதே. இந்தோனேசியாவின் பேட்டாவையும் தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்த ஐ.ஆர். 8, உரம் போட்டாலும் சாயாது நின்றது. சோறு ஆறினால் கெட்டியாகிவிடும் என்ற குறை இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் துங்ரோ நோயும் புகையான் பூச்சியும் லகுனா வயல்களைத் தாக்கின. 1976-இல் வந்த ஐ.ஆர். 36 புகையானைத் தாங்கி ஏறக்குறைய 110 நாளில் அறுவடைக்கு வந்தது. உரமும் பாசனமும் புது ரகமும் சேர்ந்து, காலப்போக்கில் ஏக்கர் விளைச்சலை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின.

கூடிய நெல் யாருக்குப் போயிற்று? இதற்குத்தான் நாம் மூன்று கூட்டங்களை ஒதுக்கினோம்.

1963-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் வார முறையை நீக்கி நிலையான குத்தகைக்கு வழி வகுத்தது. 1972-இல் ராணுவச் சட்டத்தை அறிவித்த அடுத்த மாதமே அதிபர் மார்கோஸ் பிறப்பித்த 27-ஆம் ஆணை, நெல்லும் மக்காச்சோளமும் விளையும் குடிவார நிலங்களுக்கு உச்சவரம்பாக நிலக்காரருக்கு ஏழு ஹெக்டேர் என்று வரையறுத்தது. கிழக்கு லகுனா கிராமத்து வாரதாரர்கள் பலர் குத்தகைதாரர்களானார்கள். குத்தகை நெல் மாறாது நிற்க, விளைச்சல் கூடக் கூட, கூடியது உழுதவர் கையில் தங்கியது. பல தலைமுறை பாதியைக் கொடுத்தவர்களுக்கு இது பெரிய விடுதலை; அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அதே சட்டம் வேறு பலருக்குக் கதவைச் சாத்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிதாக ஒருவரை வைத்தால் நிலமே போய்விடும் என்று அஞ்சி நிலக்காரர்கள் யாருக்கும் வயல் கொடுக்கவில்லை. கூலியாளாகத் தொடங்கி, பிறகு வாரதாரராக உயரும் பழைய ஏணி அறுந்தது. குத்தகை உரிமைக்கே விலை வந்துவிட்டதால், பணமுடை வந்தவர்கள் அதை ஒத்திக்கு வைத்தார்கள். சிலர் உள்குத்தகைக்கு விட்டார்கள்.

1966-இல் 66 வீடுகள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு உழ நிலம் கிடையாது. 1976-இல் 109 வீடுகள். பாதிக்கு நிலம் கிடையாது. ஊர் வளர்ந்தது என்று நாம் சொல்வதன் பொருள் இந்த எண்களில் இருக்கிறது.

நிலமற்றவர்களுக்கு அறுவடைதான் வாழ்வு. ‘ஹுனூசன்’ என்ற பழைய வழக்கப்படி யார் வேண்டுமானாலும் வயலுக்கு வந்து அறுக்கலாம், அடிக்கலாம். அறுத்ததில் ஆறில் ஒரு பங்கு அவர்களுக்கு. அறுபது மூட்டை விளைந்த வயலில் பத்து மூட்டை கூலி. விளைச்சல் நூற்றிருபதானால் கூலி இருபது. வேலைக்கு ஆளும் கூடிப்போயிருந்த காலம் அது. சந்தைக் கணக்குப்படி ஆறில் ஒன்று மிக அதிகம். எட்டில் ஒன்று என்று குறைத்திருக்கலாம்; எந்தக் குத்தகைதாரரும் அதற்குத் துணியவில்லை. அறுக்க வருபவர் பக்கத்து வீட்டுக்காரர், உறவுக்காரர், பிள்ளைக்கு ஞானத்தாய் தந்தையாக நின்றவர். ஊர் ஏசும்.

அதனால் ‘காமா’ என்ற வேறு ஏற்பாடு பரவியது. நடவு முடிந்ததும் ஒரு குடும்பம் குறித்த வயலில் கூலியின்றிக் களை பறிக்க வேண்டும். பதிலுக்கு அந்த வயலை அறுக்கும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே. பங்கு அதே ஆறில் ஒன்று. களைக்கும் அறுவடைக்கும் சேர்த்துச் சந்தைக் கூலி எவ்வளவு ஆகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, அது அந்தப் பங்குக்கு மிக அருகில் வந்தது. பங்கின் பெயர் மாறவில்லை, வேலை கூடியது.

இது நியாயமா என்று நம் கூட்டத்தில் கடுமையான வாதம் நடந்தது. உண்மையில் கூலி குறைந்துவிட்டது என்று ஒரு சாரார். உறுதியான வேலையும், நெல் கைக்கு வருமுன் கடன் கேட்க ஒரு வாசலும் ஏழைக் குடும்பத்துக்குக் கிடைத்ததே என்று மறுசாரார். இரண்டும் உண்மை என்பது என் கருத்து. காமா இல்லாத வெளியூர் அறுவடையாளர்கள் அந்த வயல்களில் கால் வைக்க முடியாமல் போனதையும் சேர்த்தே எண்ண வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், பழியும் முகதாட்சணியமும் கொண்டே ஓர் ஊர் தன் நெல்லைப் பங்கிட்டுக்கொண்ட விதத்தை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

பிந்திய ஆண்டுகளில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்த கதிரடிக்கும் இயந்திரம் வந்து கையால் அடிப்பது நின்றது. எருமைக்குப் பதில் கை டிராக்டர். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு உயர்நிலைப் பள்ளிக் கல்வியை இலவசமாக்கியது. கலம்பா, சாந்தா ரோசா தொழிற்பேட்டைகளும் மணிலாவும் வெளிநாடுகளும் பிள்ளைகளை இழுத்தன. ஊருக்குள்ளேயே இரும்பில் அலங்காரப் பொருள் செய்யும் பட்டறைகள் எழுந்தன. வீடுகள் பெருகின, வருமானத்தில் நெல்லின் பங்கு சுருங்கியது. 2019-இல் அரிசி இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கி வரிமுறை வந்தபோது, நாடெங்கும் களத்து நெல் விலை சரிந்தது. அந்த ஆண்டு இங்கே இருந்தவர்களுக்கு அது நினைவிருக்கும்.

இனி மற்றச் செய்திகள். மே 15, உழவர்களின் காவலரான புனித இசிட்ரோ திருநாளன்று உறுப்பினர்கள் குடும்பத்தோடு லூக்பன் சென்று, அரிசி மாவுத் தகடுகளால் வீடுகளை அலங்கரிக்கும் பாஹியாஸ் விழாவைக் கண்டுவந்தார்கள். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் கிராமத்தின் வரலாற்றைப் பெரிய வரைபடமாகத் தீட்டியிருக்கிறார்கள். இந்த அரங்கின் பின்சுவரில் இருக்கிறது, எல்லாரும் பார்க்க வேண்டும். தகலோக் மொழிக் குறிப்புகளைப் படித்துப் பொருள் சொல்லி உதவிய அண்டை வீட்டு நண்பர்களுக்கும், கூட்டங்களுக்கு இடம் தந்த குடும்பங்களுக்கும் வட்டத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறது. வட லூசோனில் உள்ள இலோகோஸ் நோர்த்தே உழவர்கள், ‘சன்ஹேரா’ எனப்படும் பாசனச் சங்கங்கள் மூலம் தாங்களே அணை கட்டி, வெள்ளம் அடித்துப்போகும் போதெல்லாம் தாங்களே திரும்பக் கட்டி, தண்ணீரைப் பங்கிட்டு வருகிறார்கள். கால்வாயை அரசு கொண்டுவந்த ஊரைப் படித்தாயிற்று; கால்வாயைத் தாங்களே வெட்டிய ஊர்களை அடுத்துப் படிக்கலாம் என்பது எங்கள் எண்ணம். இதற்கும், இந்த அறிக்கைக்கும் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.

நன்றி.

செயலாளர்