அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு: மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜ் டவுனில் எப்போது பெயர்ப்பலகை மாற்றினாலும், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே போஸ் சாலையில் பிரியும் ஒரு தெருவில் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். ஆங்கிலத்தில் அது ஆர்மீனியன் ஸ்ட்ரீட், தமிழில் அரண்மனைக்காரன் தெரு. பட்டியலைச் சரிபார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ ஒன்று பிழை என்றே படும். பிழை எதுவும் இல்லை. ஆர்மீனியா நாட்டு வழிவந்த கிறித்தவ வணிகர்களான ஆர்மீனியரை இங்கே 'அர்மனிக்காரன்' என்றார்கள். வாய்வழக்கில் அது அரண்மனைக்காரன் ஆயிற்று.

இந்த மக்கள் வழிதவறி வந்தவர்கள் அல்லர். 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களோடு ஒப்பந்தமே போட்டது. நாற்பது ஆர்மீனியர் சேர்ந்து குடியேறும் ஊரில் மாதா கோயிலுக்கு நிலம் தருவதாகவும், பாதிரியாருக்கு ஆண்டுக்கு ஐம்பது பவுண்டு வீதம் ஏழாண்டு கொடுப்பதாகவும் அதில் வாக்களித்தது. சென்னையில் முதல் கோயில் 1712இல் எழுந்தது. இன்று தெருவில் நிற்பது 1772இல் தங்கள் இடுகாட்டு நிலத்தில் அவர்கள் கட்டியது. முற்றத்தில் கால் வைக்கும் இடமெல்லாம் கல்லறைக் கற்கள் கிடப்பது அதனால்தான். மணிக்கூண்டு தனியே நிற்கிறது, உள்ளே ஆறு மணிகள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் இவ்வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் பாலம் கட்டிக் கொடுத்த பெத்ருஸ் உஸ்கானும் இவர்களில் ஒருவர்தான். அந்தப் பாலமும் இப்போது இல்லை, பெயரும் மாறிவிட்டது.

ஆங்கிலப் பட்டியலைக் கணினியில் கொடுத்துத் தமிழாக்கினால் 'ஆர்மேனியன் தெரு' என்று வரும்; மக்கள் ஆக்கிய பெயர் அன்றோடு போய்விடும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் 'பேலஸ் ஸ்ட்ரீட்' ஆகும். அது வரலாற்றையே அழிப்பது. பவளக்காரத் தெருவுக்கும் தங்கசாலைத் தெருவுக்கும் இந்தத் தொல்லை இல்லை, இரு மொழியிலும் ஒரே பொருள். இங்கே அப்படியில்லை என்பதால், பலகை எழுதும் ஒப்பந்ததாரரிடம் இரு பெயரையும் எழுத்துக்கு எழுத்து கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மேல் வரியில் பெரிதாக 'அரண்மனைக்காரன் தெரு', அடுத்து ஆங்கிலப் பெயர், அதன் கீழே சிறிய எழுத்தில் 'ஆர்மீனிய வணிகர் வாழ்ந்த தெரு; மாதா கோயில் 1772' என்று இருந்தால் போதும். தெருவின் இரு முனையிலும் வேண்டும். தரையில் கம்பம் நட்டால் மீன்பாடி வண்டியும் சரக்கு லாரியும் இடித்துச் சாய்த்துவிடும், சுவரொட்டியும் ஏறும். கட்டட உரிமையாளர் சம்மதத்தோடு ஒன்பது அடிக்கு மேல் சுவரில் பதியுங்கள்.

இப்படிக்கு,
பழைய சென்னையின் தெருப்பெயர்களைத் தொகுத்துவருவோர்