பத்தமடைப் பாய் என்று நீங்கள் அனுப்பியது பத்தமடைப் பாய் அல்ல: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
கைவினைப் பொருள் இணைய விற்பனை நிறுவனம்.

நாள்: 21.07.2025

பொருள்: பெயர் நெய்த பத்தமடைப் பட்டுப்பாய் என்று விற்று, பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பாய் அனுப்பியது.

ஐயா / அம்மையீர்,

கடந்த ஜூன் 4-ஆம் தேதி உங்கள் தளத்தில் ‘கையால் நெய்த பத்தமடை கோரைப் பட்டுப்பாய், விரும்பும் பெயர் நெய்து தரப்படும்’ என்ற பொருளுக்கு 6,850 ரூபாயும், பரிசுப் பெட்டிக்குத் தனியாக 350 ரூபாயும் கட்டினேன். 12 நாளில் வரும் என்றீர்கள். ஜூன் 28 மாலைதான் வந்தது. தாமதம் கூடப் பரவாயில்லை. பெட்டிக்குள் இருந்தது கோரையே இல்லை. வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி மூன்று முறை பேசியும் பயன் இல்லாததால் இந்தக் கடிதம்.

இதை யாருக்காக வாங்கினேன் என்று முதலில் சொல்ல வேண்டும். அது தெரியாததால்தான் உங்கள் ஆட்கள் 500 ரூபாய் கூப்பனோடு விஷயத்தை முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

2016-இல் படிப்பை முடித்துவிட்டு சைட்டுக்கு வந்தபோது எனக்கு டிராயிங் பார்க்கக்கூடத் தெரியாது. எங்கள் புராஜெக்ட் மேனேஜர் சார்தான் சொல்லிக் கொடுத்தார். முதுகு வலி என்பதால் மதியம் சாப்பிட்டதும் சைட் ஆபீஸ் தரையில் ஒரு பழைய கோரைப் பாயை விரித்துப் பத்து நிமிடம் படுப்பார். எழுந்ததும் அதே பாயில் டிராயிங்கைப் பரப்பி, “வாம்மா, உட்காரு” என்பார். பீம் எங்கே முடிகிறது, கம்பி எங்கே வளைகிறது, கம்பியை மூடும் கான்கிரீட் கவரிங் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அந்தப் பாயில் உட்கார்ந்துதான் கற்றேன். கல்லூரியில் நாலு வருடத்தில் புரியாதது அங்கே புரிந்தது.

ஒருமுறை லோடு வந்த மணலைப் பார்க்காமலே சலானில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சார் திட்டவில்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு அந்த மணலைப் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் மணலுக்கு மேலே விரல் கனத்துக்கு வண்டல் படிந்திருந்தது. லோடு திரும்பிப் போயிற்று. “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கையில எடுத்துப் பாரும்மா” என்றார், அவ்வளவுதான். இன்றைக்கும் சிமெண்ட் மூட்டையோ கம்பியோ, கையில் தொட்டுப் பார்க்காமல் நான் இறக்க விடுவதில்லை.

இந்த ஜூன் 30-ஆம் தேதி அவர் ஓய்வு பெற்றார். என்ன கொடுப்பது என்று ஒரு மாதம் யோசித்தேன். சால்வை வேண்டாம்; ஒவ்வொரு பூமி பூஜையிலும் போர்த்தியவையே அவர் வீட்டு பீரோவில் அடுக்கடுக்காக இருக்கின்றன. வாட்ச் கட்ட மாட்டார். ஷீல்டு கொடுத்தால் ஷோகேஸில் தூசி பிடிக்கும். தங்கக் காசு கொடுத்தால் கோபித்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவார். தனக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் விலை உயர்ந்த பொருள் வாங்குவதில்லை என்பதில் அவர் கறார்.

அப்புறம் அவர் எப்போதோ சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. அவர் ஊர் சேரன்மகாதேவி பக்கம். பத்தமடை பக்கத்திலேயே இருக்கிறது. அவருடைய அப்பா, அம்மா கல்யாணத்துக்கு இருவர் பெயரையும் சேர்த்து நெய்த பத்தமடைப் பாய் வீட்டில் இருந்திருக்கிறது. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் மற்ற சாமான்களோடு அதுவும் போய்விட்டதாம். “மத்ததெல்லாம் வாங்கிட்டோம், அந்தப் பாயைத்தான் வாங்க முடியல” என்று சொல்லியிருக்கிறார்.

சார் வீட்டில் அக்காவிடம் ரகசியமாகக் கேட்டு அவருடைய அப்பா, அம்மா பெயர்களை எழுத்துப் பிசகாமல் வாங்கினேன். பத்தமடைக்கே போய்ச் சொல்லி வாங்கியிருக்க வேண்டும். அந்த மாதம் இரண்டு ஸ்லாப் கான்கிரீட் இருந்தது, ஒரு நாள் லீவு கிடைக்கவில்லை. அதனால்தான் உங்களை நம்பினேன். பெட்டி கட்டும் முன் நீங்கள் அனுப்பிய படத்தில் இருந்தது அசல் பாய்தான். கோரையின் வெளிர் பச்சையும், சிவப்புக் கரையும், நெய்த எழுத்தும் தெளிவாகத் தெரிந்தன. ரிப்பன் கட்டி ஒட்டிய பெட்டியைப் பிரிக்க மனசு வராமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துப் பார்க்காதது என் தவறு. அதைச் சொல்லிக் கொடுத்தவருக்கே அந்தத் தவறைச் செய்தேன் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

விழாவில் மேஸ்திரிகள், கம்பி கட்டுபவர்கள், சென்ட்ரிங் ஆட்கள் என நாற்பது பேர் இருந்தோம். சார் பெட்டியைப் பிரித்தார். பாயில் இருந்த பெயர்களைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாயை மடியில் விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். அந்தக் கை நின்றது. கோரையோடு வளர்ந்தவருக்கு அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? அம்மா பெயர் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார். வெள்ளை மை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே கையை மூடிக்கொண்டு என்னைப் பார்த்து, “ரொம்ப சந்தோஷம்மா” என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மூடிய அந்தக் கையை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், “விடும்மா” என்று அவர் சொன்னதையும் கேட்காமல் பாயை வாங்கி வந்தேன். ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவித் தீக்குச்சியைக் காட்டினேன். கோரை என்றால் புல் மாதிரி எரிந்து சாம்பலாகும். உங்கள் இழை சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகச் சொட்டியது. பிளாஸ்டிக் நாற்றம் அறை முழுக்க. இதை வீடியோ எடுத்து இணைத்திருக்கிறேன்.

இதற்கு உங்கள் ஆட்கள் சொன்ன பதில்கள்: முதலில் “லைட்டிங்கில் கலர் மாறித் தெரியும் மேடம்”. அப்புறம் “பெயர் போட்ட பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது”. கடைசியில் கூப்பன்.

பெயர் போட்ட பொருளை மனம் மாறித் திருப்பினால் நீங்கள் மறுக்கலாம். விளம்பரத்தில் சொன்ன பொருளே வராதபோது திரும்ப எடுக்க மறுக்க முடியாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரை வேறொரு பாய்க்குப் போட்டு விற்பது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்கள் பக்கத்தில் அந்தப் பெயரும் அந்தப் படமும் இன்று காலை வரை அப்படியே இருக்கின்றன.

இந்த மாதம் லீவு போட்டு பத்தமடைக்கே போய் வந்தேன். ஆற்றோரத்துக் கோரையைக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறவைத்து, மறுபடி காயவைத்து, நூல் போலக் கீறி எடுக்கிறார்கள். பருத்தி நூலைப் பாவாகப் போட்டு, அந்தக் கோரையை ஒவ்வொன்றாகக் குறுக்கே கொடுத்து நெய்கிறார்கள். தலைமுறையாக இதைச் செய்துவரும் லெப்பை குடும்பத்துப் பெண் ஒருவர், தன் வீட்டுத் திண்ணையில் ஒரு பட்டுப்பாயைத் துணி மாதிரி மடித்துக் காட்டினார். கையில் வாங்கிப் பார்த்தேன். உங்கள் 12 நாள் கணக்கைச் சொன்னதும், “பெயர் நெய்ற பாயா? பன்னெண்டு நாள்லயா?” என்று கேட்டார். நல்ல பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். நீங்கள் விற்பது அவர் பெயரால்தான். அவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

நான் கேட்பவை இவை. கட்டிய 7,200 ரூபாயை முழுவதுமாக என் வங்கிக் கணக்குக்கே திருப்ப வேண்டும், கூப்பன் வேண்டாம். பாயை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பாய்க்குப் போட்டிருக்கும் பத்தமடைப் பெயரையும் படத்தையும் உடனே நீக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது இன்னொன்று: ஆர்டர் செய்தது பெயர் நெய்த கோரைப் பாய், மாற்றி அனுப்பியது எங்கள் நிறுவனம் என்று சார் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி, பொறுப்பானவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவர் கேட்க மாட்டார். நான் கேட்கிறேன்.

புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் கடமை. இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது. ரசீது, நீங்கள் அனுப்பிய படம், வந்த பாயின் படங்கள், வீடியோ, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் இணைப்பில் உள்ளன.

பத்தமடையில் அந்த அம்மாவிடம் முன்பணம் கொடுத்து, இரண்டு பெயர்களையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பாய் தயாரானதும் கூப்பிடுவார். அதை சார் வீட்டுக்கு எடுத்துப் போகும்போது உங்கள் கடிதமும் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்