அத்தைக்கு, பரணில் இருந்த மூன்று கோணிப்பைகள் பற்றி

அத்தை,

பரணைக் காலி செய்துவிட்டேன். மூன்று கோணிப்பையையும் இறக்கியாகிவிட்டது. வேறு யார் மூலமாவது உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போன் செய்தால் எடுக்கமாட்டீர்கள், எடுத்தாலும் நம் இரண்டு பேரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுவோம். நான் இங்கே எழுதுவதையெல்லாம் சின்னவர் மகள் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறாள் என்று தெரியும். அவள் எட்டாவதுதான் படிக்கிறாள், அதனால் சிலதை எழுதப் போவதில்லை. (கண்ணு, ஓட்டமாகப் படிக்காதே, ஆயாவுக்கு நிறுத்தி நிறுத்திப் படி.)

மயானக் கொள்ளைத் திருவிழா வந்து போய்விட்டது. நீங்கள் ஓசூர் போய் ஒரு வருஷம். இந்த முறையும் வழியெல்லாம் கடை போட்டிருந்தார்கள், அதே பாட்டுப் பாடும் பொம்மை போன் சரம் சரமாகத் தொங்கியது, நான் பெரியவன் கையை இழுத்துக்கொண்டு வேகமாகத் தாண்டி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. மறுநாள் காலையில் ஏணியைப் போட்டேன்.

முதல் பையில் எனக்குக் கஷ்டமே இல்லை. சக்கரம் போன லாரி, கை இல்லாத பொம்மை, வால் முறிந்த ஹெலிகாப்டர். பேட்டரி கார்களில் செல்லைக் கழற்றாமலே போட்டு வைத்திருந்தோம், ஸ்பிரிங் எல்லாம் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. கையில் கவரை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, பொத்தான் பேட்டரிகளுக்கு இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குப்பை வண்டிக்கு வரும் அக்காவிடம் தனியாகக் கொடுத்துச் சொல்லி அனுப்பினேன். பழைய இரும்புக்காரர் வெறும் பிளாஸ்டிக்கை மட்டும் எடை போட்டு எடுத்தார். ஒயர், துணி, திருகு எல்லாம் சேர்ந்து கிடப்பதை யார் பிரிப்பது என்று மிச்சத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது பையில் பஞ்சு பொம்மைகள். மூன்று தண்ணீர் அலசி மொட்டை மாடியில் காய வைத்தேன். நல்லதாக நாலு தேறியது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தாகிவிட்டது. அடியில் கிடந்த அடுக்குக் கட்டைகளை அங்கன்வாடி டீச்சர் வாங்கிக்கொண்டார், ஆனால் வாயில் போட்டுக்கொள்கிற அளவுக்குச் சின்னதாக இருந்த எதையும் தொடவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அந்தக் காசு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை அத்தை. மாங்காய் மண்டியில் காம்பு கிள்ளி, பால் பட்டு வெந்துபோன உங்கள் விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவியவள் நான்தான். ஒவ்வொரு சீசன் கூலியிலும் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று வாங்காமல் நீங்கள் இருந்ததில்லை. ஆனால் ஒன்று உடைந்தால்கூடத் தூக்கிப் போட விடமாட்டீர்கள். குப்பை வண்டிக்குப் பின்னாலேயே போய் எடுத்து வந்து, தெருவே பார்க்க என் எதிரில் வைத்தீர்களே, அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா? கல்யாணமாகி ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் எனக்கென்று ஒரு அலமாரி கிடையாது. பொம்மைக்குப் பரண் முழுவதும் இருந்தது.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

அன்றைக்குப் பாப்பாவுக்கு ஒன்றே முக்கால் வயது. திருவிழாவில் நீங்கள் வாங்கி வந்த பொம்மை போனின் பின்மூடி கழன்று கிடந்தது, தரையில் இரண்டு பொத்தான் பேட்டரி, உள்ளே மூன்று குழி. நீங்கள் “ரெண்டுதான் இருந்தது” என்றீர்கள். நான் மூன்று என்றேன். நீங்கள் மறுபடியும் இரண்டு என்றீர்கள், அதுவும் பாப்பாவைப் பார்க்காமல் அக்கம்பக்கத்தாரைப் பார்த்துச் சொன்னீர்கள், அதில்தான் எனக்குத் தலைக்கு ஏறியது. திண்ணையில் நின்று நான் சொன்ன வார்த்தை உங்களுக்குத் தெரியும், அதை இங்கே எழுதமாட்டேன்.

கிருஷ்ணகிரி போகும் வரைக்கும் பாப்பாவின் வாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை உங்களிடம் நான் சொல்லவே இல்லை, சொல்கிற மாதிரி நாம் அப்புறம் பேசிக்கொள்ளவில்லை. பொத்தான் பேட்டரி வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடுமாம். உணவுக்குழாயில் சிக்கினால்தான் ஆபத்து. எச்சில் ஈரத்தில் மின்சாரம் ஓடி, தொடுகிற இடத்தில் காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்தில் சதையையே வேக வைத்துவிடும். உடையவோ ஒழுகவோகூட வேண்டாம். இதைக் கேட்டபோது நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எக்ஸ்ரே வரும் வரைக்கும் என் கால் நிற்கவில்லை. படத்தில் ஒன்றும் இல்லை என்றார், மூக்கு காது எல்லாம் பார்த்துவிட்டு அனுப்பினார்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தால் நீங்கள் தரையில் இருந்தீர்கள். தனியாளாகப் பீரோவை நகர்த்தியிருந்தீர்கள். டார்ச்சைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு, விளக்குமாற்றுக் குச்சியால் சுவரோரத்தைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பாப்பாவைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, “எழுந்திருங்க அத்தை, ஒண்ணும் இல்லையாம்” என்றுகூடச் சொல்லவில்லை. உங்கள் மகன்தான் சொன்னார்.

அந்த வார்த்தைக்கும் இதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். கத்தியதற்குக் கேட்கமாட்டேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது என்று 2021 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது, பேட்டரி மூடிக்குத் திருகு இருக்க வேண்டும், திருப்புளி இல்லாமல் குழந்தை கையால் திறக்க வரக்கூடாது. திருவிழாக் கடையில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள். வாங்கி வந்த அன்றே நான் சொன்னேன். “எங்க காலத்துல நாங்க வளர்க்கலையா” என்றீர்கள். உங்கள் காலத்தில் மரத்திலும் மண்ணிலும் அல்லவா பொம்மை இருந்தது அத்தை.

அந்த மூன்றாவது பேட்டரி கிடைக்கவே இல்லை. ஐந்தாம் நாள் நீங்கள் பொம்மைகளையெல்லாம் வாரிக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டுக் கிளம்பிப் போனீர்கள். நான் அதற்கப்புறம் மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து, பாப்பா விழிப்பதற்குள் டார்ச் அடித்து வீடு முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பையில் சொப்புச் சாமான் இருந்தது. மைசூர் போய்த் திரும்பும்போது சன்னபட்டணத்தில் வாங்கியது. கடைசல் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே உருகி நிறம் ஏறுமாம், அப்புறம் தாழை ஓலையை வைத்துத் தேய்த்து மெருகேற்றுவார்களாம், நின்று பார்த்ததாகப் பாப்பாவுக்குச் சொல்வீர்கள். அவளுக்கு எதுவும் புரிந்திருக்காது, நான்தான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று நீங்கள் சொன்னபடி உலர்ந்த துணியால்தான் துடைத்தேன். அதில் சிவப்புப் பானை ஒன்று, கழுத்தில் மஞ்சள் கோடு, கட்டைவிரல் உயரம். ஆட்டினால் சத்தம் கேட்டது. மூடி அவ்வளவு இறுக்கம், பல்லால் கடித்துத்தான் எடுத்தேன்.

உள்ளே அந்தப் பேட்டரி.

மூன்றுதான் இருந்திருக்கிறது. நான் சொன்னதுதான் சரி. அதை நினைத்துச் சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. பாப்பா அன்றைக்குச் சோறாக்கி விளையாடியிருக்கிறாள், பானையில் அரிசி போட்டிருக்கிறாள். வாய்க்குக் கொண்டுபோகாமல் பானைக்குள் போட வைத்தது நீங்கள் சொல்லிக் கொடுத்த விளையாட்டு.

ஆனால் அந்த மூடியை ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை அப்படி இறுக்க முடியாது. கட்டி வைத்தவர் நீங்கள். பார்க்காமல் அழுத்தி மூடினீர்களா, பார்த்துவிட்டு மூடினீர்களா? பார்த்திருந்தால், என்னிடம் சொல்ல வேண்டாம், உங்கள் மகனிடமாவது சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் அத்தை. பார்க்கவில்லை என்றால் நான் இப்படிக் கேட்டதையும் சேர்த்து மன்னித்துவிடுங்கள். பதிலை யார் மூலமாகவும் சொல்லி அனுப்ப வேண்டாம்.

நடைவண்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு சக்கரத்தின் ஆணி விழுந்திருக்கிறது, தச்சரிடம் காட்டுகிறேன் என்று உங்கள் மகன் எடுத்து வைத்திருக்கிறார். சொப்பு மொத்தமும் கீழ் அலமாரியில், பாப்பா கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. இப்போது அவளுக்கு எண்ணத் தெரியும். குடத்தைக் காணோம் என்று இரண்டு நாளாக ஒரே கேள்வி. பொங்கலுக்குச் சின்னவர் மகள் அனுப்பிய போட்டோவில், உங்கள் சாமி படத்துக்கு முன்னால் அதில் குங்குமம் வைத்திருந்ததைப் பார்த்தேன். ஆயா பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.