திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும் கணக்குப் பிரிவினருக்கும்: ‘அட்ஜஸ்ட்மெண்ட்’ வரியை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

சென்ற மாதச் சம்பளச் சீட்டு ஒன்று எங்களிடம் வந்தது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, இதே சீட்டைப் பல இடங்களில் பார்க்கலாம். மொத்தச் சம்பளம் 14,000 ரூபாய். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,680, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 105. அதற்குக் கீழே ஒரே வரி: ‘அட்ஜஸ்ட்மெண்ட் 4,165’. கைக்கு வந்தது 8,050. அது என்ன என்று கேட்டவரிடம் “எல்லாம் அட்வான்ஸ்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வற்புறுத்திக் கேட்டபிறகு விவரம் வந்தது: அட்வான்ஸ் தவணை 2,000, மெஸ் 1,200, ஒடிசாவிலிருந்து வேலைக்கு வர எடுத்துக் கொடுத்த ரயில் டிக்கெட் 860, முந்தைய மாதம் பிடிக்க விட்டுப்போன இ.எஸ்.ஐ. 105.

கடைசி இரண்டையும் பிடிக்கவே கூடாது. வேலையில் சேரும் முன் பயணச் செலவுக்குக் கொடுத்த முன்பணத்தைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது என்பது 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் தொழிலாளர் பங்கை அந்தந்தச் சம்பளக் காலத்தில்தான் பிடிக்கலாம். விட்டுப்போனால் அந்தச் சுமை நிர்வாகத்துடையது. இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் நடக்கிறது என்றால், நான்கு தொகையையும் ஒரே வரிக்குள் போட முடிகிறது என்பதே காரணம். அந்தத் தொழிலாளிக்குத் தமிழும் படிக்கத் தெரியாது, சீட்டில் உள்ள ஆங்கிலமும் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பார்?

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ‘அட்ஜஸ்ட்மெண்ட்’ வரியை நீக்குங்கள். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் தனி வரி கொடுங்கள். அட்வான்ஸ் வரியில் தொடக்க பாக்கி, இந்த மாதம் பிடித்தது, மீதி பாக்கி என்று மூன்று தொகைகளையும் எழுதுங்கள்.

கணக்குப் பிரிவினருக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்த அன்று அது செலவு அல்ல, தொழிலாளி திருப்பித் தர வேண்டிய பாக்கி. டேலி கணக்கு மென்பொருளில் ‘லோன்ஸ் அண்ட் அட்வான்சஸ் (அசெட்)’ குழுவில் ஆளுக்கொரு லெட்ஜர் (தனிக் கணக்கு) திறந்து, ஜூனில் 12,000 கொடுத்தால் அவர் கணக்கில் பற்று, ரொக்கத்தில் வரவு வைக்க வேண்டும். சம்பளம் போடும்போது சம்பளச் செலவில் பற்று முழு 14,000. மெஸ்ஸை இப்போதைக்கு விட்டுவிட்டால், வரவில் பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 105, அட்வான்ஸ் 2,000, கொடுக்க வேண்டிய சம்பளம் 10,215. நிர்வாகத்தின் பங்கான பி.எஃப். 1,680-ம் இ.எஸ்.ஐ. 455-ம் தனி வவுச்சரில் நிர்வாகச் செலவாகப் போக வேண்டும். அந்தப் பங்கைச் சுற்றிவளைத்துத் தொழிலாளி தலையில் ஏற்றவும் இந்த ‘அட்ஜஸ்ட்மெண்ட்’ பயன்படுகிறது. அதற்கும் சட்டத்தில் இடமில்லை.

நடைமுறையில் அட்வான்ஸை நேராகச் சம்பளச் செலவில் எழுதிவிடுகிறார்கள். பிறகு முழுச் சம்பளத்தையும் எழுதும்போது அதே 12,000 இரண்டாம் முறை செலவாகிறது. கணக்கு இடிக்கிறதே என்று மாதாமாதம் 14,000 மொத்தச் சம்பளத்திலேயே தவணை 2,000-ஐக் குறைத்து 12,000 என்று போடுகிறார்கள். இங்கேதான் பெரிய கெடுதல். பி.எஃப். 1,440 ஆகிறது, இ.எஸ்.ஐ. 90 ஆகிறது. கைக்கு 10,215-க்குப் பதில் 10,470 வருவதால் தொழிலாளி கேள்வி கேட்பதில்லை. ஆனால் அவர் பி.எஃப். பங்கில் 240, நிர்வாகப் பங்கில் 240 என்று மாதம் 480 போய்விடுகிறது. ஆறு தவணையில் 2,880. உடம்புக்கு முடியாமல் படுத்தால் இ.எஸ்.ஐ. தரும் நோய்க்கால உதவி சராசரி நாள் கூலியில் 70 சதவீதம். கூலியையே குறைத்துக் காட்டியிருந்தால் அதுவும் குறையும். அட்வான்ஸ் வாங்கியதால் ஒருவருடைய கூலி குறைந்துவிடாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் ஈட்டிய கூலியில் கணக்கிட்ட பிறகே அட்வான்ஸைக் கழிக்க வேண்டும்.

தனி லெட்ஜர் இல்லாவிட்டால் தவணை எப்போது முடிகிறது என்பது யாருக்கும் தெரியாது. போன மாத எக்செல் தாளை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் இடங்களில் ஏழாவது மாதமும் 2,000 பிடிபடுகிறது. எழுதி வைத்த ஆள் வேலையை விட்டுப் போனால் நோட்டும் போய்விடுகிறது. மீதி பாக்கி பூஜ்யம் என்று சீட்டிலேயே வந்தால் இது நடக்குமா?

வேலை குறைந்த மாதத்தையும் பாருங்கள். 26 நாளில் 11 நாள்தான் வேலை என்றால் கூலி 5,923. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது, அதாவது 2,961 வரை. பி.எஃப். 711, இ.எஸ்.ஐ. 45, மெஸ்ஸும் ஹாஸ்டலும் சேர்ந்து 1,500 போனால், அட்வான்ஸுக்கு மிஞ்சுவது 705. மீதி 1,295-ஐ அடுத்த மாதங்களுக்குத் தள்ள வேண்டும். ‘அட்ஜஸ்ட்மெண்ட்’ வரிக்கு இந்த வரம்பு தெரியாது. முழு 2,000-ஐயும் பிடித்துவிடும், அந்த மாத வாடகைக்கு அவர் மறுபடி உங்களிடமே அட்வான்ஸ் கேட்டு நிற்பார்.

துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் (சோதனை) வரும்போது மட்டும் எல்லாப் பத்தியும் நிரம்பிய பதிவேடு மேசைக்கு வருகிறது. அதைத் தயாரிக்கத் தெரிந்த கம்பெனிக்குச் சம்பள நாளில் அதே விவரத்தைத் தொழிலாளிக்கு எழுதிக் கொடுக்கத் தெரியாதா? தீபாவளி போனஸிலும் இதே கதை. முன்கூட்டிக் கொடுத்த போனஸைக் கழிக்கலாம். சம்பள அட்வான்ஸ் முழுவதையும் அதில் அடித்துவிட்டு வெறும் கவரைக் கொடுப்பது என்ன நியாயம்?

கோபத்தில் சற்று அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் பணிவாகக் கேட்கிறோம்: ‘அட்ஜஸ்ட்மெண்ட்’ வரியை எடுத்துவிடுங்கள். அடுத்த சம்பள நாளுக்கு முன் ஒவ்வொருவரின் அட்வான்ஸ் பாக்கியையும் எழுதி, அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தமிழ் தெரியாதவர்களுக்கு இந்தியிலோ ஒடியாவிலோ படித்துச் சொல்ல ஒருவரை உட்கார வையுங்கள். கூடுதலாகப் பிடித்தது தெரியவந்தால் அந்த மாதமே திருப்பிக் கொடுங்கள். டிக்கெட் பணத்தையும் சேர்த்து.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கு எழுதுவோர் சிலர்