நடு சீட்டை என்ன செய்வது?

மணியம்,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. நீ இரண்டு தடவை கூப்பிட்டபோதும் போனை எடுக்கவில்லை. காரணம் இருக்கிறது, இதிலேயே சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் தள்ளி. இப்போதே சொன்னால் நீ மிச்சத்தைப் படிக்க மாட்டாய்.

இங்கே எல்லாரும் சுகம். வீட்டுக்காரிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, என் கோப்பியிலும் குறைந்துவிட்டது. சின்னவன் கோலாலம்பூரிலேயே வீடு எடுத்துவிட்டான். கீழ் லயத்து ஆச்சியின் பேரனுக்குக் கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அப்பா வண்டி வேண்டும் என்று வந்து நின்றான். கொடுக்க முடியவில்லை. ஏனென்றால் அப்போது வண்டியில் சீட்டே இல்லை.

ஆமாம், கழற்றிவிட்டேன். திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி.

உனக்கு அந்த சீட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மெத்தை, மூன்று முதுகு, பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். 1974 லேண்ட் ரோவரில் சுகத்துக்கென்று எதையும் வைக்கவில்லை. "சீட்டு சுகமா இருந்தா டிரைவர் தூங்கிடுவான்டா" என்று அப்பா சொல்வார், அவருக்கு முதுகுவலி என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. எனக்கு வந்துவிட்டது. முதுகெலும்பில் கடைசிக்கு முந்தைய இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அமுக்குகிறது என்று டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். வலது புட்டத்தில் தொடங்கி முழங்கால் வரை மின்சாரம் போல் இழுக்கும். பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெண் பிள்ளை என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள் என்ன வண்டி ஓட்டுறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள்.

வண்டியை விற்றுவிட்டு ஒரு ஆல்சா கார் வாங்குங்கள் என்று சின்னவன் சொன்னான். அவனுக்கு நான் பதிலே சொல்லவில்லை.

சரி, சீட் தேடிக் கிளம்பினேன். ஹாஃப்கட் கடைகளுக்கு நீ கடைசியாக எப்போது போனாயோ தெரியாது, இப்போதும் அப்படியேதான் இருக்கின்றன, ஜப்பான் காரைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து மலை மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள், சீட்டுகள் மட்டும் ஒரு பக்கம் கூரை வரை. முதலில் கண் போனது ரெக்காரோ சீட்டின் மேல்தான். புரோட்டான் சத்ரியா ஜிடிஐ கார் 1998இல் வந்தபோது ரெக்காரோ சீட்டோடுதான் வந்தது, நீகூட மாதத் தவணை எவ்வளவு வரும் என்று சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டாயே, அதே சீட். உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தால் சொர்க்கம்தான், இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பக்கத்துத் திண்டு இருக்கிறதே, அது தாழ்ந்த காருக்குச் சரி. நம் வண்டியில் ஏறுவதே மாமரம் ஏறுவது மாதிரி, அதில் இந்தத் திண்டையும் தாண்டிப் புட்டத்தை உள்ளே இறக்க வேண்டும் என்றால் நரம்பு விடுமா? ஆசையை விட்டேன். அடுத்து ஒரு அழகான சாம்பல் நிற சீட், கடைக்காரன் 250 வெள்ளிக்கு இறங்கி வந்தான். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மஞ்சள் பிளக் தொங்குகிறது. மஞ்சள் என்றால் காற்றுப்பை, சீட்டின் பக்கவாட்டிலேயே வெடிக்கிற சாமான் இருக்கிறது, அதைத் தெரியாதவன் கையால் நோண்டக்கூடாது. அதையும் வைத்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை போனபோதுதான் கிடைத்தது, ஏதோ பழைய ஜப்பான் செடானுடையது, பிளக் இல்லை, திண்டு தாழ்வு, இடுப்புக்குப் பின்னால் திருகினால் புடைக்கிற ஒரு சுழற்றி. இரண்டும் சேர்த்து 450 வெள்ளி.

இனிமேல்தான் கதை.

முதலில் போன ஒர்க்‌ஷாப் எது என்று சொல்ல மாட்டேன், சின்னப் பையன், நல்லவன். வலது பக்கத்து மெத்தையைத் தூக்கினான், அடியில் தட்டையான தகடு தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "லேசுதான் அங்கிள், நாலு ஓட்டை, நாலு போல்ட்டு" என்று டிரில்லை எடுத்தான். நான் அந்தப் பக்கம் நின்று தே தாரே குடித்துக்கொண்டிருந்தேன். டிரில் சுற்றும் சத்தம் கேட்டதும் எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, அப்பா குரல் மாதிரியே வந்தது, "டேய்!" என்று ஒரே சத்தம். பக்கத்துக் கடை நாய் எழுந்து ஓடிவிட்டது.

நம் வண்டியில் பெட்ரோல் டாங்கி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். டிரைவர் புட்டத்துக்கு அடியில். பையனுக்குத் தெரியவில்லை, அவன் பார்த்த கார்களில் எல்லாம் டாங்கி பின்னால். நான் போய் அந்தச் சின்ன மூடியைத் திறந்து காட்டினேன், பெட்ரோல் அளவு காட்டுகிற கம்பி, அதன் பக்கத்தில் பளபளவென்று டாங்கியின் தலை, உடனே குப்பென்று மூக்கில் வாசனை. பையன் டிரில்லைத் தரையில் வைத்தான் பார், தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பது மாதிரி வைத்தான். எனக்குக் கையில் இருந்த தே தாரே பாதி சட்டையில். இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். காசு எதுவும் கொடுக்காமல் வந்துவிட்டேன், அவனும் கேட்கவில்லை.

அப்புறம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சீனத் தாத்தாவைப் பிடித்தேன். நீ பார்த்தால் நம்ப மாட்டாய், நம்மைவிட நல்ல தோட்டத் தமிழ் பேசுகிறார், பால் மரத்துப் பக்கம் வளர்ந்தவராம். வண்டியைப் பார்த்ததும் பேசவே இல்லை, கதவுத் தகட்டில் விரல் மடக்கித் தட்டிக் கேட்டார். "அலுமினியம்" என்றார். அப்பா சொல்வாரே, தகரம் இல்லடா, ஏரோப்பிளேன் தகடு என்று, அது வெறும் பெருமை இல்லை. சண்டை முடிந்து இங்கிலாந்தில் இரும்புக்குப் பங்கீடு இருந்த காலத்தில், 1948இல், முதல் லேண்ட் ரோவர் வந்தது. அதனால்தான் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள், அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டியும் அதே மெல்லிய தகடுதான். தாத்தா என்ன சொன்னார் தெரியுமா? இந்தத் தகட்டில் ஓட்டை போட்டு சீட்டை முடுக்கினால், இடித்த அன்று நீயும் சீட்டும் சேர்ந்து கண்ணாடி வழியாகப் போவீர்கள், தகடு காகிதம் மாதிரி கிழியும் என்றார். இதை அவர் பசியாறிக்கொண்டே சொன்னார்.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ இதையெல்லாம் ரசிப்பாய். முதலில் டாங்கியை வடித்து, கழற்றி, வண்டியைவிட்டே தூரமாகக் கொண்டுபோய் வைத்தார். ஓட்டை, தீப்பொறி எதுவாக இருந்தாலும் அதற்குப் பிறகுதான். பெட்டிக்கு அடியில் ஒரு ஆங்கிள் இரும்பு, போல்ட் வருகிற இடத்திலெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று மில்லிமீட்டர் தகடு, பாரம் ஒரே புள்ளியில் விழாமல் பரவுவதற்கு. இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு நம் ஊர் ஈரத்தில் கிடந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும், அதனால் நடுவில் ரப்பர் வெட்டிப் போட்டார். போல்ட்டைக் கடையிலிருந்து நான்தான் வாங்கி வந்தேன், தலையைத் திருப்பிப் பார்த்தார், உறுதியைக் காட்டுகிற 8.8 என்ற எண் போட்டிருக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார். வெயிலில் மறுபடி நடந்தேன்.

பெல்ட் விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். புது சீட்டின் இடுப்பிலேயே பெல்ட் மாட்டுகிற பூட்டு இருக்கிறது, வசதிதான், அதையே வைத்துக்கொள்ளலாம் என்றேன். கூடாது என்றார். பூட்டு சீட்டில் இருந்தால் இடிக்கிறபோது உன் உடம்புப் பாரம் முழுக்க சீட்டின் நாலு போல்ட் வழியாக அந்தத் தகட்டுக்குத்தான் போகும். பழைய பெல்ட் வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்டியிருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும், சீட் வெறும் சீட்டாக இருக்கட்டும் என்றார். யோசித்துப் பார்த்தால் சரி. நம் நாட்டில் முன் சீட்டுக்குப் பெல்ட் கட்டாயமானது 1979இல், அப்போது அப்பா முணுமுணுத்துக்கொண்டே போட்ட பெல்ட் அது. அந்த முணுமுணுப்பு இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது.

இவ்வளவு கவனமாகச் செய்த மனுஷனை ஒரு இடத்தில் நான் கெடுத்தேன். சீட் முன்னே பின்னே நகர வேண்டும், சாயவும் வேண்டும் என்று அடம்பிடித்து, தண்டவாளத்துக்கு அடியில் இரண்டரை அங்குலச் சதுரக் குழாய் வைக்கச் சொன்னேன். வைத்தார், மறுபேச்சு இல்லை. ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியின் மேல் சட்டம் சரியாக என் கண்ணுக்கு நேரே! ரோட்டைப் பார்க்கக் குனிய வேண்டும், சிக்னலைப் பார்க்க மண்டியிட வேண்டும். ஸ்டியரிங் தொடையில் அழுந்துகிறது. கிளட்சை மிதித்தால் குதிங்கால் தொங்குகிறது. சாய்கிற சீட் சாயவும் இல்லை, பின்னால்தான் தடுப்புச் சுவர் இருக்கிறதே. தாத்தா வெளியே நின்று பார்த்துவிட்டு, "துரை மாதிரி உக்காந்திருக்க" என்றார். மறுநாள் குழாயை அறுத்து எறிந்துவிட்டுத் தட்டைத் தண்டவாளம் போட்டோம். ஓர் அங்குலத்துக்கும் குறைவு. இப்போது சரியாக இருக்கிறது.

இனி அந்த விஷயம்.

அக்காவை எடுத்த அன்று எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை மணியம். நான் கிளம்பினேன். கார் வீட்டுக்காரியிடம், அவள் சின்னவன் வீட்டில். மேல் லயத்து ஆட்கள் வேன் பிடித்துக் கிள்ளானுக்கு வந்தார்களே, அதில் ஒரு இடம் வைத்திருந்தார்கள். பஸ்ஸும் இருந்தது. எனக்குத்தான் வீம்பு, அக்கா கல்யாணமாகி ஏறிப் போன வண்டியிலேயே நான் வரவேண்டும் என்று. பட்டர்வொர்த் ஸ்டேஷன் வரை அவள் நடு சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாளே, நாம் இரண்டு பேரும் பின்னால் டிரங்குப் பெட்டி மேல். அதனால் விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். எண்பதுக்கு மேல் அந்த வண்டி போகாது, உனக்குத் தெரியும். தைப்பிங் தாண்டும்போதே கால் மரத்துவிட்டது. புக்கிட் கந்தாங் ஓய்விடத்தில் நிறுத்தி இறங்கினேன், இறங்கவில்லை, விழுந்தேன். ஒரு மலாய்க்காரக் குடும்பம் தூக்கி பெஞ்சில் உட்காரவைத்து மைலோ வாங்கிக் கொடுத்தது. கிளட்சை மிதிக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் அங்கேயே கிடந்தேன். மணி பன்னிரண்டு ஆனபோது அக்காவை எடுத்திருப்பார்கள் என்று தெரிந்தது. சாயங்காலம் இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வீம்பினால் வராமல் போனேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? காய்ச்சல் என்று சொல்வது சுலபமாக இருந்தது. அப்புறம் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு உன் போனை எடுக்க முடியவில்லை. வீட்டுக்காரிக்கும் நேற்றுத்தான் சொன்னேன். "மொதல்ல மணியண்ணனுக்கு எழுதுங்க" என்று பேனாவைக் கையில் கொடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பினாங்குப் பாலத்தைத் தாண்டி, தெலுக் பகாங் வழியாக பாலிக் புலாவ் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தேன். அந்த வளைவுகள் தெரியுமல்லவா. நடுவில் ஒரு தடவை இறங்கி ஜாதிக்காய்த் தண்ணீர் குடித்தேன், மற்றபடி உட்கார்ந்தே இருந்தேன். வலி இல்லை என்று சொல்ல மாட்டேன், அது கூடவே வந்தது, ஆனால் ஓட்டவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடந்தால் கிள்ளான் வரை வந்துவிடலாம் என்று கணக்கு. தலைத்திவசத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. வருகிறேன். முந்தின நாளே வந்துவிடுகிறேன்.

இன்னொன்று. புது சீட் இரண்டும் அகலம், நடு சீட்டுக்கு இனி இடம் இல்லை. அந்த இடத்தில் தாத்தா ஒரு மூடி போட்ட பெட்டி செய்து தருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அடியில்தான் கியர்பாக்ஸைப் பார்க்கிற பலகை இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் யார் கழற்றுவது. மற்ற இரண்டு மெத்தையும் ஸ்டோரில் கிடக்கிறது. நடு மெத்தை மட்டும் வரவேற்பறையில் இருக்கிறது, பேத்தி அதன் மேல் உட்கார்ந்து பொம்மைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். ரெக்சினில் நீ பேனாக் கத்தியால் போட்ட கீறல் அப்படியே இருக்கிறது, அதற்கு நான் வாங்கிய அடியும் நினைவிருக்கிறது. அது உனக்கு வேண்டுமா? வேண்டும் என்றால் வரும்போது ஏற்றிக்கொண்டு வருகிறேன், பேத்தியை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

உன் அபார்ட்மெண்டு கார் பார்க் வாசலில் ஒரு கம்பி தொங்குமே, அதில் உயரம் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல். நான் டேப் வைத்துப் பார்த்தேன், என் கூரை 1.97 மீட்டர்.

ராஜு